ஏறின குணுக்கு

நில்லுங்கள் தம்பி. யோபு வீட்டுக்குத்தானே? கையில் பிஸ்கட் பொட்டலத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். அங்கே சீட்டாடப் போகிற புது ஆட்கள் எல்லாரும் முதல் நாள் பிஸ்கட் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். இரண்டாம் நாள் வெறுங்கை. மூன்றாம் நாள் ஆளே வருவதில்லை. உட்காருங்கள், இந்தத் துவைகல் காய்ந்துதான் இருக்கிறது. அவசரமில்லை. யோபு பெண்டாட்டி ஸ்டெல்லா இன்னும் பாத்திரம் கழுவுகிறாள், சத்தம் கேட்கிறதல்லவா? அது நின்ற பிறகுதான் பாய் விரிப்பார்கள்.

நான் யோபுவுக்கு அண்ணன். தாசையன். மார்த்தாண்டம் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்த தாசையன் என்று கேட்டுப் பாருங்கள், சொல்லுவார்கள். இந்த வீடு என்னுடையது. பின்னால் தெரிகிற மாடி வீடு அவனுடையது. நடுவில் நிற்கிற பலா மரம் இரண்டு பேருக்கும் பொது. நீங்கள் பாங்குக்குப் புதிதாய் வந்திருக்கிறீர்கள், திருச்சிப் பக்கம் என்று கேள்விப்பட்டேன். எல்லாம் காதில் விழும். இங்கே உட்கார்ந்திருக்கிறவனுக்கு வேறு என்ன வேலை?

உங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டான்? "ஒரு கை குறையுது சார்" என்றுதானே? எந்தக் கை, ஏன் குறைகிறது என்று சொன்னானா? சொல்லமாட்டான். பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்தவன். வேண்டியதை எழுதுவான், வேண்டாததை விட்டுவிடுவான். குறைகிற கை இதுதான். பாருங்கள், நடுக்கம்கூட இல்லை.

உள்ளே மூன்று பேர் இருப்பார்கள். யோபு, ஸ்டெல்லா, மூன்றாவது ஆள் ரெத்தினபாய். என் வீட்டுக்காரி. ஆமாம், என் வீட்டுக்காரிதான். எனக்குச் சோறு போட்டு, மீன்குழம்பு ஊற்றி, நான் கை கழுவுவதற்குள் பின்வாசல் வழியாய்ப் போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமை தவறாது. நான் இங்கே உட்கார்ந்து அவர்கள் சிரிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். என்ன சிரிப்பு! சீட்டாடுகிற இடத்தில் சிரிப்புக்கு என்ன வேலை? நான் ஆடின காலத்தில் அந்தப் பாயில் ஒருத்தரும் சிரித்ததில்லை. ஆட்டம் ஆட்டமாக இருந்தது.

உங்களுக்கு என்ன ஆட்டம் தெரியும்? ரம்மியா? அது ஒரு ஆட்டமா தம்பி? பஸ்ஸில் போகிற மாதிரி. பக்கத்தில் ஆள் இருப்பான், ஆனால் அவனவன் சீட்டு அவனவனுக்கு. இங்கே இருபத்தெட்டு. நாலு பேர். எதிரெதிரே உட்காருகிற இரண்டு பேர் ஒரு கட்சி. பேசக்கூடாது, சைகை காட்டக்கூடாது. முதலில் ஆளுக்கு நாலு சீட்டு. அதை வைத்துக்கொண்டு, இவ்வளவு புள்ளி பிடிப்பேன் என்று கேள்வி கேட்கணும். பெரிய கேள்வி கேட்டவன் துருப்பாக ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பான். எதிரே இருக்கிற கூட்டாளிக்கும் அது என்ன என்று தெரியாது. அதுதான் ஆட்டத்துக்கு உயிர். எல்லாவற்றுக்கும் மேலே ஜாக்கி. ராஜாவுக்கும் ராணிக்கும் இங்கே புள்ளியே கிடையாது. முகத்தைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள்.

ராஜா என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எங்கள் அப்பா பெரிய ஆட்டக்காரர். அஞ்சாம் வகுப்பு நான் முடித்தபோது வீட்டில் ஒருத்தனைத்தான் மேலே படிக்க வைக்க முடியும் என்று இருந்தது. அப்பா சீட்டுக்கட்டை எடுத்துக் குலுக்கி விரித்தார். "ஆளுக்கொண்ணு எடுங்கலே. பெரிய சீட்டு எடுத்தவன் படிக்கட்டு" என்றார். நான் எடுத்தேன், டைமன் ஜாக்கி. துள்ளினேன். யோபு எடுத்தான், கிளாவர் ராஜா. அழப் போனான். பாவம், அவனுக்கும் தெரியும் ஜாக்கிதான் பெரிது என்று. அப்பா இரண்டையும் பார்த்தார். "இது ஆட்டமில்லலே மக்கா, படிப்பு. படிப்பில ராஜாதான் பெரிசு" என்றுவிட்டார். பிறந்த நாள் முதல் ஜாக்கிதான் பெரிது என்று சொல்லி வளர்த்தவர், அந்த ஒரு நாள் மட்டும் மாற்றிச் சொன்னார். யோபு அழுகையை நிறுத்தினான். நான் வாழைக்குலை சுமந்தேன். அதை நான் மனதில் வைத்திருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். சும்மா சொன்னேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணம் முடிந்து வந்தபோது என் வீட்டுக்காரிக்கு இஸ்பேடுக்கும் கிளாவருக்கும் வித்தியாசம் தெரியாது. நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அன்று முதல் அவள் எனக்கு எதிரே. யோபுவும் ஸ்டெல்லாவும் ஒரு கட்சி, நாங்கள் ஒரு கட்சி. நான் கேட்ட கேள்வி தோற்பது அபூர்வம். கையில் ஒன்றுமே இல்லாமல் கேட்டு ஜெயித்திருக்கிறேன். எப்படி? தைரியம். தைரியம் உள்ளவனுக்குச் சீட்டே தேவையில்லை. சில நாள் நான் கேட்டதற்கு மேலே இவள் கேட்டுவிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏட்டி, நான் கேட்டாச்சில்லா? பொறவு நீ எதுக்குக் கேக்குதே?" என்பேன். ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பாள். ஜெயித்துவிடுவோம். அதிர்ஷ்டம்தான். பெண்களுக்குச் சில சமயம் அப்படி விழும்.

சில நாள் நான் தப்பாக ஒரு சீட்டை எறிந்துவிடுவேன். தப்பு என்று சொல்ல முடியாது, கண் கொஞ்சம் மங்கல். உடனே இவள் தன் நல்ல சீட்டைத் தூக்கி அதன்மேல் போட்டு வெட்டிவிடுவாள். "நல்ல சீட்டை இப்படித் தொலைக்குதியே, மூளை இருக்காட்டி ஒனக்கு?" என்று கேட்பேன். அந்தப் பிடி எங்களுக்கு வந்துவிடும், அது வேறு விஷயம். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அவள் செய்த பிழைகளைச் சொல்லித் திருத்துவேன். சோம்பலே பட்டதில்லை. ஒரு மனுஷன் தன் பெண்டாட்டிக்கு இவ்வளவு பாடுபடுவானா? நீங்களே சொல்லுங்கள்.

நாலு தோல்வி சேர்ந்தால் குணுக்கு. உங்கள் ஊரில் இது கிடையாது. பச்சைப் பலா இலையைச் சுருட்டி, ஈர்க்கிலால் குத்தி, காம்பைப் பிளந்து காது மடலில் கவ்வ வைப்பது. பழைய காலத்துக் கிழவிகளின் பாம்படம் மாதிரி தொங்கும். முதலில் கொஞ்சம் கடிக்கும், பிறகு காது மரத்துவிடும், இருப்பதே தெரியாது. அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தால் கழற்றலாம். ஜெயிக்காவிட்டால் தொங்கவேண்டியதுதான். ஏறின குணுக்கு ஆட்டத்தில்தான் இறங்கணும். அப்பா வைத்த சட்டம். கையால் பிடுங்கி எறிகிறவனை அதற்குப் பிறகு எந்தப் பாயிலும் சேர்க்கமாட்டார்கள்.

கட்சிக்கு இரண்டு பேர், ஆளுக்கொரு குணுக்கு. ஆனால் என் காதில் ஒருநாளும் ஏறினதில்லை. நான் சந்தைக்குப் போகிறவன், நாலு பேர் தேடி வருகிறவன். இவளுக்குக் காது இரண்டு இருக்கிறது, இரண்டும் குத்தின காது. என் பங்கையும் இவள் காதிலேயே மாட்டச் சொல்லிவிடுவேன். இரண்டு குணுக்கு தொங்கணும் என்பதுதான் சட்டம். யார் காதில் என்று சட்டத்தில் இல்லை. இவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னால்தானே தெரியும்?

மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இவள் காதில் இரண்டு பக்கமும் இலை. அந்த நேரம் பார்த்து எங்கள் மகளுடைய மாமனாரும் மாமியாரும் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார்கள். இவள் துள்ளி எழுந்து உள்ளே ஓடப் பார்த்தாள். கை காதுக்குப் போனது. "ஏட்டி, கைய எடு. ஏறினது ஆட்டத்திலதான் எறங்கணும்" என்றேன். சம்பந்திக்காரர் சட்டம் தெரிந்தவர், சிரித்தார். சம்பந்திக்காரி மட்டும், "அண்ணனுக்க காதில ஒண்ணையும் காணல்லியே?" என்று கேட்டாள். "எனக்குள்ளதையும் சேத்துதான் அவ போட்டிருக்கா" என்றேன். ஆண்கள் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இவள் அப்படியே போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். குனிந்து டம்ளரை வைக்கும்போது இலை காப்பியில் பட்டது. அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு போய் வேறு காப்பி கொண்டுவந்தாள். இந்தத் தடவை ஒரு கையால் இலையைப் பிடித்துக்கொண்டு வைத்தாள். அவர்கள் போகிறவரை கழற்றவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது தம்பி. சட்டம் என்றால் இப்படி நிற்கணும். யார் பழக்கினது? நான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பாயில் உட்கார்ந்தோம். இவள் சீட்டுக்கட்டை எடுத்துக் குலுக்கி நடுவில் விரித்தாள். "இன்னைக்கு சீட்டெடுத்துக் கட்சி பிரிப்போம்" என்றாள்.

"எதுக்கு?" என்றேன்.

"சும்மாதான். எல்லா வீட்டிலயும் அப்படித்தானே ஆடுதாவ."

"மைனி சொல்லுதது நல்லதுதானே" என்றான் யோபு. பிறகு என்னைப் பார்த்து, "அண்ணனுக்கு சீட்டெடுக்க பயமாக்கும்" என்றான். அவன் எதை நினைத்துச் சொன்னான் என்று எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷத்துக்குப் பிறகும் குத்திக்காட்டுகிறான், கிளாவர் ராஜா!

எடுத்தேன். எல்லாரும் எடுத்தார்கள். பெரிய சீட்டு இரண்டும் பெண்களுக்கு. சின்னது இரண்டும் எங்களுக்கு. அப்படியாக ஸ்டெல்லாவும் இவளும் ஒரு கட்சி, நானும் யோபுவும் ஒரு கட்சி. அவனுக்கு எதிரே அதுவரை நான் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்து பார்த்தால், அவன் மூக்குக்கண்ணாடியில் என் சீட்டு தெரிகிற மாதிரி இருக்கிறது. அந்தக் கண்ணாடியில்தான் பெண்கள் பார்த்திருப்பார்கள் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

தோற்றோம். இரண்டாவது ஆட்டமும் தோற்றோம். மூன்றாவது ஆட்டம் வந்தது. சீட்டை எடுத்தேன். ஒரு பத்து, மீதி மூன்றும் குப்பை. அப்படிப்பட்ட கைக்குத்தான் தைரியம் வேண்டும். "ஏட்டி, என்ன முழிச்சிட்டு இருக்கே? கேளு, இல்லேன்னா விடு" என்றேன். விட்டாள். நான் இருபது கேட்டேன். யோபுவின் முகம் வெளுத்தது. படித்தவனுக்குத் தைரியம் ஏது? துருப்பைக் கவிழ்த்தேன். மீதிச் சீட்டு வந்தது. அதுவும் குப்பை. இவள் தன் சீட்டை அடுக்கி மடியில் வைத்தாள். என்னை நேரே பார்த்து, "இரட்டை" என்றாள்.

இரட்டை என்றால் தெரியுமா? நீ தோற்கத்தான் போகிறாய், அதனால் தோல்வியை இரண்டு மடங்காக்கு என்று எதிர்க்கட்சி சவால் விடுவது. கட்டின பெண்டாட்டி. முகத்துக்கு நேரே.

தோற்றோம். அதைச் சொல்லாமல் விட முடியாது.

"எனக்க சீட்டைப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"யோபு சைகை காட்டினானா?"

"கர்த்தரே!" என்று யோபு இரண்டு கையையும் தூக்கினான்.

"பொறவு எப்படித் தெரியும் ஒனக்கு?"

இவள் பாயில் கிடந்த சீட்டைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். "கை நல்லா இருந்தா நீங்க என்னை ரெத்தினம்னு கூப்பிடுவிய. கை மோசமா இருந்தா ஏட்டிம்பிய."

ஸ்டெல்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆமா அத்தான், எனக்கும் தெரியும்" என்றாள். யோபு, "எனக்கும்தான் அண்ணே" என்றான். சதியைப் பாருங்கள்! "எல்லாருக்கும் தெரியும்னா இத்தனை வருஷம் நான் எப்படி ஜெயிச்சேன்?" என்று கேட்டேன். நல்ல கேள்வி இல்லையா? யோபுவும் ஸ்டெல்லாவும் இவளைப் பார்த்தார்கள். இவள் சீட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். பதில் இருந்தால் சொல்லியிருப்பார்கள். இல்லை, அதனால்தான் வாய் அடைத்துவிட்டது.

பொய் தம்பி, எல்லாம் பொய். பெண்டாட்டியை ஒருத்தன் ஆயிரம் விதமாய்க் கூப்பிடுவான். வியாபாரம் நன்றாய் நடந்த நாளில் ரெத்தினம் என்றிருப்பேன். குலை அழுகிப்போன நாளில் ஏட்டி என்றிருப்பேன். எந்த வீட்டில் இல்லாத வழக்கம்? அதை ஒருத்தி உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருப்பாளா?

இரட்டைத் தோல்வி, முன்னதோடு சேர்த்து நாலு ஆயிற்று, குணுக்கு போடணும் என்றார்கள். யோபு வெட்கமில்லாமல் தன் காதைத் தானே நீட்டினான். என் பங்கையும் அவன் காதிலேயே மாட்டச் சொன்னேன். "உனக்குள்ளதை நீ போடு அண்ணே. எனக்க மத்த காது பாட்டு கேக்க வேணும்" என்றான். இவளே மரத்தடிக்குப் போய் இலை பறித்து வந்தாள். இவளே சுருட்டினாள். வேகமாய், ஒரு சுருக்கம் இல்லாமல் சுருட்டினாள். எத்தனை தடவை போட்டவள், கை பழகியிருக்கிறது. "தலையைச் சாயுங்க" என்றாள். சாய்த்தேன். சட்டம்.

அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் குலுக்கும்போது கோயில் மணி அடித்தது. அன்றைக்குச் சபைக் கூட்டம். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தேன். கோபத்தில் எழுந்து போனேன் என்று யோபு சொல்லித் திரிகிறான். எனக்கென்ன கோபம்? மணி அடித்தது, போனேன். அவ்வளவுதான். ஆனால் காது மரத்துப் போயிருந்தது.

புரிந்துவிட்டதா? சிரிக்காதீர்கள். நீங்கள் சிரிப்பதற்காக நான் சொல்லவில்லை.

கூட்டத்தில் அன்று என்ன பேச்சு தெரியுமா? கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவதுதான் எங்கள் வழக்கம். அதை விட்டுவிட்டு குடும்பம் குடும்பமாய்ச் சேர்ந்து உட்காரலாம் என்று வாலிபர்கள் கேட்டிருந்தார்கள். நான் எழுந்தேன். "ஆணுக்குள்ள எடம் ஆணுக்கு, பெண்ணுக்குள்ள எடம் பெண்ணுக்கு. இன்னைக்கு ஒரே பெஞ்சில இருப்பாவ. நாளைக்கு ஆம்பிளை கம்மல் போட்டுக்கிட்டு வருவான்" என்றேன். கர்த்தர் சாட்சி, இதே வார்த்தைதான். பெண்கள் பக்கம் எல்லாரும் முக்காட்டை இழுத்து வாயில் வைத்தார்கள். மனம் கசிந்து அழுகிறார்கள் என்று நினைத்தேன். போதகர் வேதப்புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார். ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்தேன். அதனால் இன்னும் கொஞ்ச நேரம் பேசினேன். தலையை ஆட்டி ஆட்டிப் பேசுவது என் வழக்கம்.

ஒருத்தனாவது சொன்னானா? ஊர் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தது. கூட உட்கார்ந்து ஆடினவன் எத்தனை பேர், என் கடையில் கடனுக்குப் பழம் தின்றவன் எத்தனை பேர்! வெளியே வந்து டீக்கடையில் நின்றேன். கடைக்காரன் டீயை நீட்டிக்கொண்டே, "அண்ணாச்சி, மத்த காதுக்கு எப்பம்?" என்றான். அப்போதுதான் கையை வைத்துப் பார்த்தேன்.

பிடுங்கினேன். பிடுங்கிவிட்டு எறிய முடியுமா? சட்டம் இருக்கிறதே. மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்று முதல் ஊரில் எனக்குக் குணுக்குத் தாசையன் என்று பெயர். வாலிபர்கள் கேட்டது நிறைவேறிவிட்டது. இப்போது குடும்பம் குடும்பமாய்த்தான் உட்காருகிறார்கள். நான் கடைசி பெஞ்சில் தனியாய் உட்காருகிறேன்.

வந்ததும் இவளிடம் கேட்டேன், "ஏன்டி சொல்லல்லே?" என்று. "நீங்க வாசல் தாண்டும்போ கூப்பிட்டேன். இஞ்சேருங்க, காதுன்னேன். ஏட்டி வாயை மூடுன்னுட்டுப் போனிய" என்கிறாள். சொல்லியிருக்கலாம். மெதுவாய்ச் சொல்லியிருப்பாள். பிறகு கேட்கிறாள்: "சம்பந்திக்காரி முன்னால நான் கழத்தினேனா?" இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் தம்பி? அது வீடு, இது சபை. அவள் பெண், நான் ஆண். அதை எடுத்துச் சொன்னேன். அரிசி களையப் போய்விட்டாள்.

சரி, போகட்டும் என்று மறு வாரம் பெரிய மனது பண்ணி ஆட்டத்துக்குப் போனேன். பாயில் காலை வைக்கிறேன், இவள் கேட்கிறாள், "குணுக்கு எங்க?" எல்லார் முன்னாலும். "குணுக்கோட எழும்பிப் போனவரு குணுக்கோட வந்து இருக்கட்டு. ஜெயிச்சா நானே கழத்தி விடுதேன்." யோபு உடனே, "அப்பாவுக்க சட்டம்தானே அண்ணே" என்றான். அவன் அன்றைக்கே வேறு ஆளைச் சேர்த்து ஆடி ஜெயித்துத் தன் குணுக்கைக் கழற்றிவிட்டானாம். வைத்த காலை எடுத்துத் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு நாலாவது கைக்கு ஆள் பிடிக்கிறார்கள். கோயில்குட்டி வந்தான், மணி அடிக்கிற நேரத்தை மறந்து போதகரிடம் திட்டு வாங்கினான். ஒரு வாத்தியார் வந்தார், சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கினார். இப்போது நீங்கள்.

நான் மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தால் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும்? ஒரே ஆட்டம். ஆனால் எதிரே யார் உட்காருவது? யோபு உட்கார்ந்தால் ஜென்மத்துக்கும் இறங்காது. இவள் எனக்கு எதிரே பழைய இடத்தில் உட்கார்ந்தால் ஒரே ஆட்டத்தில் இறங்கிவிடும். எனக்குத் தெரியும். அதை அவளிடம் கேட்க முடியுமா? கேட்டால், அவளால்தான் ஜெயித்தேன் என்று ஆகிவிடாதா? சீட்டெடுத்தால் யார் பக்கம் விழுவாளோ. எதிர்ப்பக்கம் விழுந்தால் ஜெயிப்பதற்கு ஒரே வழிதான் இருக்கிறது. அவள் என் கையைக் கண்டுபிடிக்கிற மாதிரி நானும் அவள் கையைக் கண்டுபிடிக்கணும்.

என்ன கேட்டீர்கள்? ஜாக்கி வந்தால் அவள் என்ன செய்வாள் என்றா? அப்படிக் கேளுங்கள், பாங்குக்காரர் புத்தி. அவளுக்கு ஜாக்கி வந்தால்... மோதிரத்தைத் திருகுவாள். இல்லை, அது ஸ்டெல்லா. மூக்கைத் தொடுவாள். இல்லை, அது சளி பிடித்திருந்த நாளில். முதுகை நிமிர்த்துவாளோ? பொறுங்கள். இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்திருந்தவள். கண் முன்னால்தான் இருந்தாள்.

தெரியவில்லை தம்பி. நான் என் சீட்டைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். சீட்டாடும்போது பின்னே எதைப் பார்ப்பது?

பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. பொறுங்கள், ஒரே நிமிஷம். இன்று மத்தியானம் ஒரு சோதனை செய்து பார்த்தேன். சீட்டில்லாமலே. மீன்குழம்பில் உப்பு இல்லை. வேறு நாளாக இருந்தால் தட்டு வாசலில் கிடந்திருக்கும். அடக்கிக்கொண்டேன். மெதுவாய், "ரெத்தினம், கொழம்பில கொஞ்சம் உப்பு காணாது" என்றேன். கை மோசம், ஆனால் வார்த்தை நல்ல கையின் வார்த்தை. ஏமாறுகிறாளா என்று பார்க்கத்தான். வேறு ஒன்றும் இல்லை. அவள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கை அவ்வளவு மோசமா?" என்று கேட்டாள்.

கேட்டுவிட்டுச் சிரித்தாள். பல் தெரிய இல்லை. உதட்டில் ஒரு ஓரம் மட்டும். உப்பு ஜாடியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, பின்வாசல் வழியாய்ப் போய்விட்டாள்.

அப்படிச் சிரித்தால் கையில் என்ன சீட்டு என்று எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் நீங்கள் பார்த்து வந்து சொல்லணும். அவளுக்கு எதிரே உட்காராதீர்கள், அது என் இடம். அங்கே யோபு இருந்து தொலையட்டும். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், முகம் நன்றாய்த் தெரிகிற பக்கம். ஓரமாய்ச் சிரித்தால், அந்த ஆட்டத்தில் அவள் என்ன இறக்குகிறாள் என்று பார்த்து வையுங்கள். திரும்பும்போது இப்படித்தான் வரணும், வேறு வழி கிடையாது.

கூப்பிடுகிறார்கள், போங்கள். பிஸ்கட்டை மறந்துவிடாதீர்கள். போகிற வழியில் அந்தத் தாழ்ந்த கிளையில் ஒரு இலை பறித்து இங்கே போட்டுவிட்டுப் போங்கள். என்னிடம் இருப்பது சருகாகிவிட்டது. பழுத்தது வேண்டாம், சுருட்டினால் ஒடியும். பச்சையாய், காம்பு நீளமாய். எதற்கா? ஆட்டுக்குத்தான்.

ஆடு எங்கே என்று கேட்காதீர்கள்.